மூடப்பட்டது நிறுவனமா, சுரங்கமா? கோலார் தங்கவயலின் கழிவுமேடுகள் குறித்து

2001 பிப்ரவரி இறுதியோடு கோலார் தங்கவயலின் சுரங்கப் பணிகள் நின்றன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தை ஈன்ற நிலத்தடி உலகம் அன்றோடு முடிந்தது. அந்த முடிவைப் பற்றிய ஆவணங்களைப் படிப்பவருக்கு ஒரு விநோதம் புலப்படும். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நலிவுற்றதாக 1992இல் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. 2000ஆம் ஆண்டில் அதைக் கலைத்துவிட வாரியம் பரிந்துரைத்தது. தொழில் தகராறுகள் சட்டத்தின்படி மூடுவதற்கு அனுமதி பெறப்பட்டது. நட்டம், கடன், ஊதிய நிலுவை, விருப்ப ஓய்வு என அனைத்தும் பேசப்பட்டன. அந்த நடைமுறைகளில் நிதி ஒரு தரப்பு, தொழிலாளர் ஒரு தரப்பு. நிலமும் நீரும் எந்தத் தரப்பாகவும் இல்லை. ஒரு நிறுவனத்தை மூடுவது எப்படி என்று அன்றைய சட்டம் அறிந்திருந்தது. ஒரு சுரங்கத்தை மூடுவது எப்படி என்று அது கேட்கவே இல்லை.

மிஞ்சி நிற்பவை கழிவுமேடுகள். ஊர்வழக்கில் அவை ‘சயனைடு மலை’. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், கோரமண்டல் ஆகிய பகுதிகளின் லைன் வீடுகளுக்குப் பின்னால், மேற்பரப்பு தட்டையாகவும் பக்கங்கள் மழையால் அரிக்கப்பட்டும் சாம்பல் வெண்ணிறத்தில் உயர்ந்து நிற்கும் 13 மேடுகள். ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பு. சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன் அரைத்த பாறை. எடுத்த தங்கத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு கிலோ தங்கத்திற்கு 41 டன் கழிவு வருகிறது. ஒரு சவரன் நகைக்கு ஏறக்குறைய 330 கிலோ மணல் இன்றும் அங்கே கிடக்கிறது என்று பொருள். சராசரிக் கணக்குதான், ஆயினும் நகைக்கடை விளம்பரங்களில் இடம்பெறாத கணக்கு.

இம்மேடுகள் உருவான விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். 1873இல் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கோரினார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் உள்ளே வந்தனர். தொடக்கக் காலத்தில் பாறையை இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய தகடுகளின் மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தனர். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் தங்கம் இதில் தப்பி, மணலோடு போயிற்று. 1887இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறை இந்த இழப்புக்கு மாற்றாக வந்தது. நீர்த்த சயனைடுக் கரைசல் தங்கத்தைக் கரைத்தெடுக்கும். துத்தநாகம் அதை மீண்டும் திண்மமாக்கித் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இம்முறை தங்கவயலிலும் நிலைபெற்றது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் அரைவை ஆலைகளின் வேகம் கூடியது. தங்கம் பிரிந்தபின் எஞ்சிய குழம்பு ஆலைக்கு வெளியே கொட்டப்பட்டது, காய்ந்தது, அதன்மேல் மீண்டும் கொட்டப்பட்டது.

பாறையின் வளம் குறையக் குறைய மேடு வேகமாக வளர்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. மூடும் தறுவாயில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த இறுதி நிலையில் ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட பாறையை 3 கிலோமீட்டர் ஆழம் வரை சென்று உடைத்து மேலே கொணர வேண்டியிருந்தது. இலாபம் இலண்டன் பங்குதாரர்களிடம் சென்றது. உரிமத்தொகை மைசூர் அரசுக்கு வந்தது. மைசூரின் ‘முன்மாதிரி சமஸ்தானம்’ என்ற புகழுக்குப் பின்னால் அத்தொகையும் உண்டு. 1956இல் மாநில அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களைப் பெற்றபோது, வளம் குன்றிய பாறையும் வளர்ந்த மேடுகளும் சேர்ந்தே கைமாறின.

‘சயனைடு மலை’ என்ற பெயர் ஓர் அச்சத்தைச் சரியாகவே பதிவு செய்கிறது, ஆனால் இடரின் உண்மையான வடிவத்தை ஓரளவு மறைத்தும் விடுகிறது. தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி சிதையும். இரும்பு முதலிய உலோகங்களோடு பிணைந்த சயனைடுச் சேர்மங்களே மண்ணில் நெடுநாள் தங்குகின்றன. உலோகங்களும் ஆர்செனிக்கும் சிதைவதே இல்லை. அவை தனிமங்கள், இடம் மாறும், வடிவம் மாறும், அழியா. கோலாரின் புகழ்பெற்ற சாம்பியன் தாதுநரம்பு பெரிதும் குவார்ட்சும் தனித்தங்கமும் கொண்டது. கந்தகச் சேர்மங்கள் அதில் குறைவு. ஆனால் மேற்குப் பகுதித் தாதுநரம்புகள் கந்தகச் சேர்மங்கள் மிகுந்தவை, ஆர்செனிக் தாங்கிய ஆர்செனோபைரைட்டும் அவற்றுள் அடக்கம். எனவே 13 மேடுகளையும் ஒரே பொருளாகக் கருதுவது பிழை. எந்த ஆலையின் எந்தக் காலத்துக் கழிவு எந்த மேட்டில் எந்த அடுக்கில் உள்ளது என்பது வேதியியல் கேள்வி மட்டுமன்று, வரலாற்றுக் கேள்வியும்கூட. அதற்கான விடை ஆலைப் பதிவேடுகளில் இருக்கிறது. ஆவணக்காப்பகத்தில் பணியாற்றும் மாணவர் ஒருவர் இங்கே மண்ணியலாளருக்கு வழிகாட்ட முடியும்.

காற்றில் பறக்கும் இடர் இன்னொன்று: தூசு. அரைத்த குவார்ட்சின் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸை உண்டாக்கும். இந்தியாவில் இந்நோய் முறையாக ஆராயப்பட்டதே தங்கவயலில்தான். 1940களில் நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் பேசும் தலித் மக்கள். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது சுரங்க வாயிலுக்கு உட்பட்ட உடல்களை. வாயிலுக்கு வெளியே, அதே பாறையின் தூள் மேடாகக் குவிந்து, தென்மேற்குப் பருவக்காற்றில் லைன் வீடுகளுக்குள் புகுந்தபோது, அதை அளக்கும் கடமை ஒருவருக்கும் இருக்கவில்லை. வேலைக்குப் போகாத பெண்களும் குழந்தைகளும் எந்தப் பதிவேட்டிலும் சேரவில்லை.

நீரின் கதை வேறு. சுரங்கம் இயங்கும்வரை நிலத்தடி நீர் இடைவிடாமல் இறைக்கப்படும். இறைப்பு நின்றதும் நீர்மட்டம் ஏறிச் சுரங்கவழிகளை நிரப்பும். கந்தகத்தாது நிறைந்த இடங்களில் அந்நீரும் காற்றும் சேர்ந்து கந்தக அமிலத்தை உருவாக்கும். அமிலம் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெளிவரும். இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று, தங்கவயலுக்கு அனுபவமிக்க சுரங்கக் ‘கேப்டன்’களை அனுப்பிய அதே கார்ன்வால்தான். அங்கே வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது, இறைப்பும் நின்றது. 1992 ஜனவரியில் அமிலநீர் உடைத்துக்கொண்டு வெளியேறி ஃபால் ஆற்றின் கழிமுகத்தைச் செம்மஞ்சளாக்கியது. அன்றிலிருந்து அந்த நீரைச் சுத்திகரிப்பது பொதுப்பணத்தில் நடந்துவருகிறது. கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து வரும் நீருக்கு உரிமையாளர் பொறுப்பல்லர் என்ற விலக்கு ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. 1999 முடிவுக்குப் பின் கைவிடப்படும் சுரங்கங்களுக்கே அது நீக்கப்பட்டது. கோலாரின் பாறை கார்ன்வாலின் பாறை அன்று. செந்நீர் பெருகும் காட்சியை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பது நேர்மையாகாது. மேடுகளிலிருந்து மழைநீர் அரித்துச் செல்லும் வண்டலும், அது படியும் ஓடைகளும் வயல்களுமே இங்கே முதற்கவலை. ஆனால் சட்டம் பிந்தி வந்த விதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே உள்ளன. இந்தியாவில் கனிமச் சலுகை விதிகளும் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளும் திருத்தப்பட்டு, படிப்படியான மூடல் திட்டம், இறுதி மூடல் திட்டம், நிதி உத்தரவாதம் ஆகியவை கட்டாயமானது 2003 ஏப்ரலில். தங்கவயலில் வேலை நின்று அப்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இதைவிடக் கூர்மையான முரண் பாலாற்றில் இருக்கிறது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது பாலாற்றின் மேலுள்ள பேத்தமங்கலம் ஏரி. அதே ஆறு கீழே இறங்கி, சுரங்கத் தொழிலாளர்களுள் மிகப்பலரின் பூர்வீகமான வேலூர்ப் பகுதியை அடைகிறது. அங்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டு 28 அன்று, ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கவயல் மூடப்பட்டபோது அத்தீர்ப்புக்கு வயது நான்கரை. ஆனால் வாணியம்பாடியில் ஆலை முதலாளி என்றொருவர் இருந்தார். தங்கவயலில் கொட்டியவர்களுள் முதல்வர் 1956இலேயே ஈட்டுத்தொகையுடன் வெளியேறிவிட்டார், எஞ்சியவர் அரசு. வழக்குத் தொடுக்க வேண்டிய அமைப்பும் ஈடுசெய்ய வேண்டிய அமைப்பும் ஒன்றாகிவிட்ட இடத்தில் அந்நெறி செயலற்றுப் போகிறது.

வரலாற்றெழுத்தும் இதில் முழுக்கக் குற்றமற்றதன்று. தங்கவயலைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் மூன்று வகை: உற்பத்தியையும் தொழில்நுட்பத்தையும் போற்றுபவை, உழைப்பு, சாதி, பௌத்தம், தொழிற்சங்கம் ஆகியவற்றை ஆராய்பவை, ‘குட்டி இங்கிலாந்து’ என்ற ஏக்கத்தில் தோய்ந்தவை. இரண்டாவது வகைதான் மிகச் செழுமையானது. ஜானகி நாயரின் 1998ஆம் ஆண்டு நூல் அதன் முன்னோடி. ஆயினும் அங்கும் மேடு பின்புலக் காட்சியாகவே நிற்கிறது. திரைப்படங்களோ அதைப் படப்பிடிப்புத் தளமாகவே கண்டன. தொழிலாளரின் குடியிருப்பு எங்கே, கழிவு எங்கே என்ற இட ஒதுக்கீடு சாதியாலும் கூலியாலும் தீர்மானிக்கப்பட்டது. காற்றின் திசையில் எவர் வாழ்ந்தார், மேட்டுநிலத்துப் பங்களாவில் எவர் வாழ்ந்தார் என்பதைச் சுரங்க நிறுவனத்தின் வரைபடங்களிலேயே வாசிக்கலாம். அந்த வகையில் மண்ணின் மாசு, உழைப்பு வரலாற்றுக்கு வெளியே உள்ள பொருள் அன்று. அதன் விடுபட்ட அத்தியாயம்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 மேடுகளையும் ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்திற்கு இசைவு தந்தது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் அவற்றில் எஞ்சியிருப்பதே காரணம். மறுபதப்படுத்தல் தன்னளவில் தீங்கானது அன்று. முறையாகச் செய்தால், அடிப்பகுதி காப்பிடப்பட்ட புதிய கிடங்குக்குக் கழிவை மாற்றி, மேலே மண்மூடி, தாவரம் வளர்க்க அதுவே வாய்ப்பாகும். முறையின்றிச் செய்தால், நூறாண்டுகளாக ஓரளவு இறுகிய அடுக்குகள் மீண்டும் தோண்டப்பட்டு, மீண்டும் அரைக்கப்பட்டு, மீண்டும் சயனைடு கலந்து, வேறொரு மேடாகும். எது நடக்கும் என்பது ஏலத்தொகையில் எழுதப்படுவதில்லை. எஞ்சிய மணல் எங்கே வைக்கப்படும், தோண்டும் காலத்தில் லைன் வீடுகளின் காற்றை அளப்பவர் யார், குத்தகை முடிந்தபின் அந்த நிலம் எவர் பொறுப்பு ஆகியவை குத்தகை ஆவணத்தின் நிபந்தனைப் பக்கங்களில்தான் எழுதப்படும். 1880களிலும் 1956இலும் 2001இலும் அந்தப் பக்கங்கள் எழுதப்படவில்லை.