கம்பியா நதியும் இரண்டு கொடிகளும்

உயர்தர வகுப்பிலே மொழிக்கும் இனத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், ஒரே பாஷை பேசிற சனம் ஏன் ரெண்டு நாடாய் இருக்கவேணும்? சேர்ந்தால் என்ன?" என்று கேட்டான். பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, சுவரிலே தொங்கிய உலகப்படத்தில் மேற்கு ஆபிரிக்கக் கரையைச் சுட்டிக்காட்டினேன். அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை நேயர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல விழைகின்றேன்.

செனகல் என்னும் நாட்டின் வயிற்றிலே செருகிய வாள்போலக் கிடப்பது கம்பியா. ஒருபுறம் கடல், ஏனைய மூன்று புறமும் செனகல். நதியின் இரு கரையையும் ஒட்டிய ஒடுங்கிய நிலம். அகலம் ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டாது. பரப்பில் இலங்கையின் ஆறிலொரு பங்கு எனலாம். அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' நாவலை 'ஏழு தலைமுறைகள்' என்ற தமிழ் வடிவிலே படித்தவர்களுக்கு இந்நதி புதிதன்று. குந்தா கிந்தேயின் ஜுஃபூரே கிராமம் இதன் வடகரையிலேதான் இருக்கின்றது.

நதியைப் பிரித்தானியர் பிடித்தனர். சுற்றுப்புறத்தைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1889 ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கையின்படி, நதியின் இரு மருங்கிலும் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் பிரித்தானியருக்கு ஒதுக்கப்பட்டது. பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தை வைத்தே எல்லை அளந்தார்கள் என்றொரு கதை உண்டு. கதைதான், ஆனால் படத்தைப் பார்க்கிறவனுக்கு நம்பவேண்டும் போலிருக்கும். அதற்கு முன்னர், 1860களிலும் 70களிலும், கம்பியாவைக் கொடுத்து வேறு நிலம் வாங்கும் பேரமும் மாட்டுச்சந்தை போல நடந்தது, படியவில்லை. அங்கு வாழ்ந்த வொலொவ், மண்டிங்கா, ஃபுலா, ஜோலா மக்களை எவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்த உறவினரின் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்க, இப்பாலிருந்தோரின் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தனர்.

செனகல் 1960 இல் சுதந்திரம் பெற்றது. அதன் முதல் ஜனாதிபதி செங்கோர் பெருங் கவிஞர்; தமிழாசிரியனாகிய எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் கவிஞர் ஆண்டாலும் இணைப்பு இலகுவன்று. பிரெஞ்சுச் சூடானோடு சேர்ந்து அவர்கள் அமைத்த மாலி சமஷ்டி, சுதந்திரம் பெற்ற இரண்டே மாதத்தில் முறிந்துபோயிற்று. கம்பியா 1965 பெப்ரவரியில் விடுதலை பெற்றது. நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலையே அதன் ஏற்றுமதி. இவ்வளவு சிறிய நாடு தனித்துப் பிழைக்குமா என்று ஐக்கிய நாடுகள் நிபுணர்களும் அதற்கு முன்பே ஆராய்ந்திருந்தனர்.

இணைப்பு வந்தது வேறு வழியால். 1981 ஜூலை இறுதியில், இளவரசர் சார்ள்ஸின் திருமணத்துக்காகக் கம்பிய ஜனாதிபதி ஜவாரா லண்டன் சென்றிருந்தபோது, பஞ்சுலிலே சதிப்புரட்சி வெடித்தது. அவர் டக்காருக்குப் பறந்து செனகலின் உதவியைக் கோரினார். செனகல் படை நுழைந்து புரட்சியை அடக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டு டிசெம்பரிலேயே உடன்படிக்கை கைச்சாத்தாகி, 1982 பெப்ரவரி முதலாந் திகதி 'செனகாம்பியா' பிறந்தது. சமஷ்டி அன்று; அதனினும் தளர்ந்த கூட்டமைப்பு. செனகல் ஜனாதிபதி அப்து டியூப் தலைவர். ஜவாரா உப தலைவர். கூட்டுப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு செனகலுக்கு.

ஆபத்திலே கைகொடுத்தவன் மறுநாளே பெண் கேட்டு வந்தால் எந்தத் தகப்பனால் மறுக்க முடியும்? மறுக்க முடியாமற் கொடுத்த பெண் எத்தனை நாளைக்கு முகம் கோணாமல் இருப்பாள்? இரு நாட்டு மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை என்பதையே நான் பெருங்குறையாகக் காண்கிறேன்.

வயிற்றுப்பாடும் குறுக்கே நின்றது. கம்பியாவிலே தீர்வை குறைவு. பஞ்சுல் துறையில் இறங்கிய துணியும் சீனியும் அரிசியும் எல்லை கடந்து செனகல் சந்தைக்குப் போயின. செனகலுக்கு அது கள்ளக்கடத்தல், கம்பியருக்கு வியாபாரம். சுங்க ஒன்றியம் வேண்டுமென்று செனகல் நெருக்கியது. கம்பியா நாளைக் கடத்தியது. பிரெஞ்சு நிருவாகமும் ஆங்கில நிருவாகமும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளவில்லை. வொலொவ் மொழி மேலோங்கிய செனகலுக்குள் கரைந்துபோவோமோ என்ற பயம் மண்டிங்காக்களுக்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், கூட்டமைப்புப் பிறந்த அதே 1982 இல், கம்பியாவுக்குத் தெற்கேயுள்ள செனகலின் கசமான்ஸ் மாகாணத்திலே பிரிவினைக் குரல் எழுந்தது. கடைசியில், தலைமையும் சுழற்சி முறையில் வரவேண்டுமென்று ஜவாரா கேட்டார். 1989 ஆகஸ்டில் செனகல் தன் படையைத் திருப்பி அழைத்தது. செப்டெம்பர் 30 உடன் செனகாம்பியா முடிந்தது.

ஆகவே சேராமல் இருந்ததே நல்லது என்று சொல்லிவிடலாமா? அதற்கும் என் மனம் இடந்தரவில்லை. கசமான்ஸிலிருந்து டக்கார் போகிறவன் 2019 வரை கம்பியாவைக் குறுக்கறுத்து, நதியைப் படகுப்பாதையில் கடக்கவேண்டியிருந்தது. அன்றேல் கடலாலோ தரையாலோ சுற்றிப்போகவேண்டியிருந்தது. 2002 செப்டெம்பர் 26 இரவு, அப்படிக் கடலால் போன 'ஜூலா' என்ற கப்பல், கொள்ளக்கூடியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு மக்களுடன் கம்பியக் கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. இறந்தோர் 1800 இற்கும் மேல். தப்பியோர் அறுபத்துச் சொச்சம். பலர் விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிய மாணவர்கள். அளவுக்கு மீறி ஏற்றியது குற்றந்தான். ஆயினும் அத்தனை பேர் ஏன் கடலால் போனார்கள் என்று கேட்டால், 1889 ஆம் ஆண்டுக் கோடும் சாட்சிக் கூண்டிலே ஏறவேண்டியிருக்கும்.

2017 ஜனவரியிலே செனகல் படை மீண்டும் கம்பியாவுக்குள் நுழைந்தது. தேர்தலில் தோற்றும் கதிரையை விடாத ஜாமே வெளியேறினார். டக்காரிலுள்ள கம்பியத் தூதரகத்திலே சத்தியப்பிரமாணம் செய்த பாரோ நாடு திரும்பினார். இம்முறை எவரும் பெண் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2019 ஜனவரியில், பல தசாப்தங்களாகப் பேச்சிலேயே கிடந்த பாலம் ஃபராஃபென்னியிலே திறக்கப்பட்டது. லொறிகள் நாட்கணக்கில் காத்துக்கிடந்த நதியைச் சில நிமிடத்தில் கடக்கின்றன. பாலத்துக்கு இட்ட பெயர் செனகாம்பியா.

இதைச் சொன்னபோது அந்த மாணவன் மீண்டும் எழுந்தான். "பாலத்துக்குக் காசு கட்டவேணுமோ, சேர்?"

"கட்டவேணும்," என்றேன். "பாலம் நிற்கிறது கம்பியாவிலே."