விலா எலும்பும் பம்பும்

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையச் சுவர்களில் ஒரு சொல்லைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. எந்தக் கிழமை எந்த ஊரில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்ற விவரத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் அது இருக்கும்: ஆண்மைக்குறைவு. சிறுமியாக இருந்தபோது எனக்கு அதன் பொருள் தெரியாது. யாரிடமும் கேட்கக் கூடாது என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

குறி விறைக்கவில்லை என்றாலும் ஆண்மைக்குறைவு, விந்தணு போதவில்லை என்றாலும் ஆண்மைக்குறைவு, பிள்ளை பிறக்கவில்லை என்றாலும் ஆண்மைக்குறைவு. மருத்துவத்தில் இவை வேறு வேறு விஷயங்கள். ஆனால் நம் மொழியில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே அவமானம். ஆங்கிலத்திலும் நெடுங்காலம் 'வலுவின்மை' என்று பொருள்படும் இம்பொடன்ஸ் என்ற சொல்தான் இருந்தது. 1992 டிசம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, அந்தச் சொல் மனிதரை இழிவுபடுத்துகிறது, 'எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்' என்று சொல்லுங்கள் என்று பரிந்துரைத்தது. நம் மருத்துவர்கள் இப்போது 'விறைப்புக் குறைபாடு' என்று எழுதுகிறார்கள். சுவரொட்டி மாறவில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் 'ஆண்மை' என்ற சொல்லோடே சண்டைக்குப் போனதை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் குறைபாட்டுக்கு உடலுக்குள் பொருத்தும் கருவிகள் உண்டு. இம்பிளான்ட் என்கிறார்கள். அதன் வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சை இதழ்களின் அட்டவணைகளில் எத்தனை பேருக்குப் பொருத்தினோம், எத்தனை பேருக்குச் சீழ் வைத்தது, எத்தனை கருவி பழுதானது என்ற கணக்குகள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் கடைசியாக ஒரு கட்டம்: 'துணைவர் திருப்தி'. அதில் ஒரு சதவீதம். கருவி யாருக்காக என்று சொல்லப்படுகிறதோ அந்தப் பெண் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறாள். நான் தேடிப் போனது அவளை.

வரலாறு வழக்கமாக 1936இலிருந்து சொல்லப்படுகிறது. ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகர அறுவை மருத்துவர் நிக்கோலாய் போகராஸ், குறியை இழந்த ஒருவருக்குத் தோலால் குறியைச் செய்து, அது நிமிர்ந்து நிற்பதற்காக விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பை உள்ளே வைத்தார். போகராஸ் 1920இல் டிராம் வண்டியில் சிக்கி இரு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களோடு நின்று அறுவை செய்தவர். உடலில் இழந்ததை ஈடுகட்டுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆணின் விலா எலும்பிலிருந்து பெண்ணைப் படைத்ததாக ஒரு பழங்கதை உண்டு. இங்கே விலா நேராக ஆணுக்கே திரும்பிப் போய்விட்டது, நடுவில் பெண் தேவைப்படவில்லை.

குருத்தெலும்பு காலப்போக்கில் கரைந்துவிடும், வளைந்துவிடும். 1950களில் அக்ரிலிக் குச்சிகளை முயன்றார்கள். 1966இல் எகிப்தைச் சேர்ந்த பெஹேரி, பாலிஎதிலீன் தண்டுகளைப் பொருத்திய 700 பேரைப் பற்றி எழுதினார். குச்சிகளைத் தோலுக்கு அடியில் வைக்காமல், குறிக்குள் இருக்கும் இரண்டு பஞ்சுத் தண்டுகளுக்குள்ளேயே அவர் செருகினார். விறைப்பின்போது இரத்தம் நிரம்புவது இந்தத் தண்டுகளில்தான். பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் இடம் அதுவாகவே ஆனது.

1973இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட், தன் சகாக்கள் வில்லியம் பிராட்லி, ஜெரால்ட் டிம் இருவரோடு சேர்ந்து காற்றடைத்த டயரைப் போல விரியும் கருவியை வெளியிட்டார். காற்றுக்குப் பதில் திரவம். இன்றும் கொள்கை மாறவில்லை. பஞ்சுத் தண்டுகளுக்குள் இரண்டு சிலிக்கோன் உருளைகள், அடிவயிற்றில் உப்புநீர் நிரப்பிய சிறு பை, விதைப்பைக்குள் ஒரு பம்பு. அமுக்கினால் நீர் உருளைக்குப் போகும், குறி விறைக்கும். திறப்பை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பும். ஆசையை இது உண்டாக்காது, உணர்ச்சியைக் கூட்டாது. பஞ்சுத் திசு சிதைந்துவிடுவதால் பழைய இயல்பான விறைப்புக்குத் திரும்பும் வழியும் அநேகமாக அடைபட்டுவிடும். தொடக்க கால உருளைகள் கசிந்தன, குழாய்கள் மடங்கின, பலர் மீண்டும் மீண்டும் கத்திக்குக் கீழே படுத்தார்கள். இதே காலத்தில் மயாமியில் ஸ்மால், கேரியான் என்ற இருவர் எப்போதும் அரைவிறைப்பாகவே இருக்கும் சிலிக்கோன் தண்டுகளைச் செய்தார்கள். அதில் பழுதாக ஒன்றுமில்லை, வேட்டிக்குள் மறைப்பதுதான் பாடு.

1973 என்ற ஆண்டில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். பாஸ்டன் பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே எழுதிய 'அவர் பாடிஸ், அவர்செல்வ்ஸ்', சிறு வெளியீடாக இருந்தது, பெரிய பதிப்பகத்தின் புத்தகமாக வெளியானதும் அதே ஆண்டில்தான். பெண்ணின் இன்பத்துக்கு மையம் யோனி அல்ல, கிளிட்டோரிஸ் என்று ஆன் கோட் எழுதிய கட்டுரை அதற்கு முன்பே கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. 1976இல் ஷெர் ஹைட் மூவாயிரம் பெண்களின் பதில்களைத் தொகுத்தபோது, புணர்ச்சியால் மட்டுமே வழக்கமாக உச்சமடைபவர்கள் சுமார் 30 சதவீதம்தான் என்று வந்தது. ஹைட்டின் முறையில் குறைகள் உண்டு, பதில் எழுத முன்வந்தவர்களின் கணக்கு அது. இருந்தாலும் ஒரு நாட்டின் பெண்கள், எங்களுக்கு வேண்டியது அது மட்டுமே அல்ல என்று எழுதி அச்சடித்து விற்றுக்கொண்டிருந்த அதே நாட்டில், அதே ஆண்டுகளில், 'அது' மட்டும் நிச்சயமாக நடப்பதற்கு ஒரு பம்பு தயாரானது. இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் படித்ததாகத் தெரியவில்லை.

அறுவைக்கு முந்தைய வழியும் பெண்களுக்குச் சொர்க்கமாக இருந்துவிடவில்லை. 1970இல் மாஸ்டர்ஸ் - ஜான்சன், பெரும்பாலான விறைப்புக் குறைபாட்டுக்கு மனமே காரணம் என்றார்கள். தம்பதியாக வந்தால்தான் சிகிச்சை, பிரச்சினையில் சம்பந்தமில்லாத துணை என்று யாரும் கிடையாது என்பது அவர்கள் கொள்கை. மனைவிக்கு அது கூடுதல் வேலை. அவன் பயத்தை அவள் பொறுமையால் கரைக்க வேண்டும். ஆனால் ஒன்று, அவள் அறைக்குள் இருந்தாள். அவளிடம் பேசினார்கள். சிகிச்சை அறுவை அரங்குக்குப் போனபோது அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

உடல்தான் காரணம் என்ற கட்சி வென்ற விதம் தனிக் கூத்து. 1983, லாஸ் வேகஸ், சிறுநீரியல் மருத்துவர்களின் மாநாடு. பிரிட்டிஷ் உடலியலாளர் கைல்ஸ் பிரிண்ட்லி தன் குறியில் தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையிலேயே காற்சட்டையை இறக்கிக் காட்டினார். சபைக்குள் நடந்தும் வந்தார். முன்வரிசையில் மாலை விருந்துக்கு உடுத்தியிருந்த பெண்கள் சிலர் கைகளை உயர்த்தி அலறினார்கள் என்று அங்கிருந்த லாரன்ஸ் கிளாட்ஸ் பின்னாளில் எழுதினார். இந்த வரலாற்றில் பெண்களின் குரல் நேராகக் காதில் விழுந்த முதல் இடம் எனக்கு இதுதான். அதையும் நகைச்சுவையாகத்தான் இன்றுவரை சொல்கிறார்கள்.

கட்டத்துக்குள் இருந்தவளை வெளியே கூப்பிட்டவர் லியோனோர் டீஃபர். உளவியலாளர், பெண்ணியவாதி, நியூயார்க் மருத்துவமனைகளின் சிறுநீரியல் துறையில் வேலை செய்தவர். எதிர்த்து எழுதுபவர் வெளியே நின்று எழுதுவார் என்று நினைப்போம், இவர் உள்ளேயே உட்கார்ந்து சிகிச்சைக்கு வந்தவர்களிடமும் அவர்களின் துணைவர்களிடமும் பேசிக்கொண்டிருந்தார். 1986இல் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் 'பழுதற்ற குறியைத் தேடி' என்று சொல்லலாம். உறவில் இருக்கும் பயம், கோபம், சலிப்பு, முதுமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரு உறுப்பின் விறைப்பை மட்டும் நோயாக்குகிறீர்கள் என்பது அதன் வாதம். ஆண்களை அவர் திட்டவில்லை. குறி விறைத்தால்தான் ஆண் என்ற சட்டம் ஆண்களையே எப்படி நசுக்குகிறது என்பதில் பாதிக் கட்டுரை போகிறது. 1988இல் சகாக்களோடு சேர்ந்து, இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களை மட்டுமல்ல, அவர்களின் துணைவர்களையும் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார். தலைப்பிலேயே 'துணைவர்கள்' இருப்பதைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான்.

1998 மார்ச்சில் வயாக்ரா வந்தது. அறுவைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். நீரிழிவு முற்றியவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள், மாத்திரை கேட்காதவர்கள், குறி அமைத்துக்கொண்ட திருநம்பிகள் சிலர் என்று இம்பிளான்டுக்கு ஆள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது நிஜமான நிம்மதி. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை.

அதே 1998இல் இன்னொன்றும் நடந்தது, செய்தித்தாள்கள் வயாக்ராவுக்குக் கொடுத்த இடத்தில் நூறில் ஒரு பங்கையும் அதற்குக் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலிய சிறுநீரியல் மருத்துவர் ஹெலன் ஓகானல், பெண் உடல்களை அறுத்துப் பார்த்து, கிளிட்டோரிஸ் என்பது வெளியே தெரியும் மொட்டு மட்டுமல்ல, உள்ளே பெரிதாகக் கிளைத்துப் பரவிய விறைக்கும் உறுப்பு என்று சிறுநீரியல் இதழில் எழுதினார். புராஸ்டேட் அறுவையில் ஆணின் விறைப்பு நரம்புகளைக் காப்பாற்ற அவ்வளவு கவனம் எடுக்கிறார்கள், பெண்ணுக்கு அறுக்கும்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பாடநூலில் படம்கூட இல்லையே என்ற கேள்வியிலிருந்து புறப்பட்டவர் அவர். போகராஸ் விலாவை வைத்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. பம்பின் உருளைகள் உட்காரும் அதே வகைப் பஞ்சுத் தண்டுகள் பெண்ணிடமும் இருக்கின்றன.

பெண்ணின் உடலுக்குள்ளும் கருவிகள் வைத்தார்கள், அந்தக் கதையை இதிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஸ்காட்டின் கருவிகளைச் செய்ய 1972இல் தொடங்கிய அமெரிக்கன் மெடிக்கல் சிஸ்டம்ஸ், பின்னாளில் பெண்களுக்கு வலை விற்றது. பல பிரசவம் கண்ட பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை இறக்கத்துக்கு, நம் பாட்டிமார் 'அடி இறங்கிப்போச்சு' என்பார்களே, அதற்கு யோனி வழியாகப் பொருத்தும் பிளாஸ்டிக் வலை. பெண்களிடம் தனியாகச் சோதித்துப் பார்க்காமலே, சந்தையில் உள்ள பழைய பொருளைப் போன்றதுதான் என்று காட்டி இத்தகைய வலைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பலருக்கு வலை சதையை அரித்துக்கொண்டு வெளியே நீட்டியது. உட்காரவும் முடியாத வலி. பல்லாயிரம் வழக்குகள். கம்பெனியை 2011இல் வாங்கிய எண்டோ, 2015இல் ஆண்களுக்கான பிரிவை பாஸ்டன் சயின்டிஃபிக்குக்கு விற்றது. பெண்களுக்கான பிரிவை வேறு பெயரில் வைத்திருந்து 2016இல் இழுத்து மூடியது. இறக்கத்துக்கான வலைகளை விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசு 2019 ஏப்ரலில் உத்தரவிட்டபோது, அங்கே இன்னும் விற்றுக்கொண்டிருந்தவை இரண்டு கம்பெனிகள்: பாஸ்டன் சயின்டிஃபிக், கோலோபிளாஸ்ட். ஆண்குறி இம்பிளான்டில் இன்று முன்னால் நிற்கும் பெயர்களும் இவைதான்.

ஆண் கருவி நல்லது, பெண் கருவி கெட்டது என்று சுருக்கிவிட முடியாது. ஆண்களுடையதும் உடைந்தது என்று மேலே சொன்னேன். ஆனால் கசிகிறது என்று ஆண் சொன்னபோது குழாயை மாற்றினார்கள், பூச்சு மாற்றினார்கள், சீழ் பிடிக்காமலிருக்க ஆன்டிபயாடிக் தடவினார்கள். வலிக்கிறது என்று பெண் சொன்னபோது நடந்ததை, பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் 2020இல் வந்த விசாரணை அறிக்கை எழுதி வைத்திருக்கிறது: பெண்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

இந்தியாவில் இந்தக் கருவி கோடீஸ்வரர்களுக்கு மட்டுமானதல்ல. பம்பு வைத்தது பல லட்சம் ஆகும். மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த வளையும் சிலிக்கோன் தண்டு அதைவிட மிகக் குறைந்த விலை. ஆண்குறியின் அளவுக்கேற்ப மேலுறையைக் கழற்றிக்கொள்ளலாம். நம் ஊர் மருத்துவமனைகளிலும் வைக்கிறார்கள். அப்படி வைக்கும் ஒரு மருத்துவரிடம் போய்ப் பேசினேன். ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கல்யாணமாகிச் சில மாதத்தில் அழைத்துவரப்படும் மாப்பிள்ளைகள், கூடவே வரும் இரு வீட்டுப் பெரியவர்கள், அவர்கள் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண். விறைப்பின்மையால் கூடவே இல்லை என்றால் திருமணத்தை ரத்து செய்ய 1955 இந்துத் திருமணச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் அந்த வாசலுக்குப் போவதற்குள் குறை அவள்மேல்தான் என்று ஊர் பேசி முடித்திருக்கும்.

"மனைவியிடம் கேட்பீங்களா டாக்டர்?" என்றேன்.

"கண்டிப்பா கேட்போம் மேடம். கவுன்சிலிங்குக்கு ரெண்டு பேரும் வரணும்."

"என்ன கேட்பீங்க?"

"உங்களுக்குச் சம்மதமான்னு கேட்போம்."

"வேண்டாம்னு யாராவது சொன்னதுண்டா?"

கொஞ்சம் யோசித்தார். "அந்தம்மா வீட்டுக்காரரைத்தான் பார்ப்பாங்க மேடம்," என்றார். "அவர் தலையாட்டுவார். கையெழுத்துப் போட்டுடுவாங்க."