'நாளைல இருந்து கிரவுண்டுக்கு வரல!' - மகள் இப்படிச் சொன்னால்...

'ஆறாவது வரைக்கும் கிரவுண்டே கதின்னு கிடந்தா. இப்போ கால் வலிக்குது, போகலைங்கிறா' - 12, 13 வயது மகள் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. உடனே 'ஆர்வம் போயிடுச்சு' என்று முடிவுகட்டாதீர்கள். சொல்லக் கூச்சப்படும் ஒரு காரணம் உள்ளே இருக்கலாம். அதைச் சரிசெய்ய பெற்றோரும் பயிற்சியாளரும் கவனிக்க வேண்டியவை இங்கே...

உடை: வெள்ளை ஷார்ட்ஸில் கறை பட்டுவிடுமோ என்ற பயம் சின்ன விஷயமல்ல. விம்பிள்டனிலேயே 2023-ல் விதியைத் தளர்த்தி, வீராங்கனைகள் அடர்நிற உள் ஷார்ட்ஸ் அணிய அனுமதித்தார்கள். உங்கள் மகளின் டீமுக்கும் கருநீல ஷார்ட்ஸ் கேளுங்கள். சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிராவும் வாங்கிக் கொடுங்கள்.

பீரியட்ஸ்: 'இன்னைக்கு லைட்டா பண்றேன் சார்' என்று அவள் சொன்னால், கோச் மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது. இதை முதல் நாளே எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவது நல்லது. உடம்பு ஒத்துழைத்தால் அந்த நாள்களிலும் விளையாடலாம், தவறில்லை. ஆனால், தொடர்ந்து மூன்று மாதம் பீரியட்ஸ் வராமல் போனால், 'பிராக்டீஸ் பண்றால்ல, அப்படித்தான்' என விடாதீர்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை. அதனால், ஓடும்போது சீக்கிரம் மூச்சு வாங்கினால் 'சோம்பேறி' என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை, கூடவே நெல்லிக்காய் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

முழங்கால்: திடீரெனத் திரும்பி, குதித்து ஆடும் ஃபுட்பால், பாஸ்கெட்பால் போன்ற விளையாட்டுகளில் முழங்காலின் ஏ.சி.எல் லிகமென்ட் கிழியும் ஆபத்து ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல், சற்று மடங்கியபடி இறங்கப் பழக்க வேண்டும். ஃபுட்பால் பிள்ளைகளுக்கு 'ஃபிஃபா 11+' என்ற 20 நிமிட வார்ம்-அப் பயிற்சியே இருக்கிறது. உங்கள் கோச் வார்ம்-அப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று கேளுங்கள்.

பாதுகாப்பு: தனியாக வரச்சொல்வது, ராத்திரியில் மெசேஜ் அனுப்புவது, 'வீட்ல சொல்லாதே' என்பது... இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். பயிற்சியைப் பெற்றோர் பார்க்க அனுமதிக்காத இடமும் வேண்டாம். தவறு நடந்தால் மகளைக் குற்றம் சொல்லாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்காகவே போக்சோ சட்டம் (2012) இருக்கிறது. 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. அவள் 'வரல' என்றதும் எல்லோர் முன்னாலும் 'ஏன்?' என்று துருவாதீர்கள். வண்டியில் போகும்போது, சும்மா பேசுவதுபோல, 'என்ன மாத்தினா நீ திரும்பப் போவே?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஷார்ட்ஸின் நிறத்தை மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம்!