பட்டாள விடுதி அலுவலகமான வரலாறு

கட்டிடங்கள் இரு வகையால் அழிகின்றன. இடிபட்டு மண்ணாவது ஒரு வகை. சுவர்கள் உறுதியாய் நிற்க, அவற்றுள் வாழ்ந்தோர் இன்னார் என்பது மறக்கப்படுவது மற்றொரு வகை. இவ்விரண்டினின்றும் பழங்கட்டிடங்களைக் காக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டினை இவ்வெள்ளி விழா மலர் வாயிலாக நம் மக்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோ நகரின் வடகோடியில் பிரசிடியோ என்னும் பாளையம் உளது. 1776ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டார் அமைத்த இப்பாளையம், பின்னர் மெக்சிகோவின் கைக்கும், அதன்பின் அமெரிக்காவின் கைக்கும் மாறிற்று. அங்கே 1890களில் அணிவகுப்புத் திடலை நோக்கி ஐந்து செங்கல் விடுதிகள் வரிசையாக எழுப்பப்பெற்றன. நம்மவர் ‘பாரக்ஸ்’ என்று வழங்கும் படைவீரர் குடியிருப்புகளே அவை. அகன்ற தாழ்வாரமும், உயர்ந்த சாளரங்களும், கட்டில்களை வரிசையாக இடுதற்குரிய நீண்ட கூடங்களும் அவற்றின் அமைப்பாகும்.

1994ஆம் ஆண்டு படை அப்பாளையத்தை விட்டு நீங்கிற்று. ஏறத்தாழ 1,500 ஏக்கர் நிலமும் நூற்றுக்கணக்கான கட்டிடங்களும் தேசியப் பூங்காத் துறையின்பால் வந்தன. இவற்றைப் பேணும் பொருள் எங்ஙனம் கிட்டும்? 1996ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு பொறுப்பாட்சிக் குழுவைச் சட்டத்தால் நிறுவியது. பழங்கட்டிடங்களைச் சீரமைத்து வாடகைக்கு விட்டு, 2013ஆம் ஆண்டிற்குள் அரசுப் பணமின்றித் தன் காலில் நிற்றல் வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட நிபந்தனை. அக்குழு அதனை நிறைவேற்றியது. செங்கல் விடுதிகளுள் ஒன்று 2009இல் அருங்காட்சியகமாயிற்று. மற்றொன்று 2018இல் தங்கும் விடுதியாயிற்று. ஏனையவற்றில் அலுவலகங்கள் இடம்பெற்றன.

பணி எளிதன்று. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் நிலநடுக்கத்தால் சிதைந்த நகரம் அது. இரும்புக் கம்பியின்றிச் செங்கல்லும் சாந்தும் கொண்டே எழுப்பிய சுவர் நிலநடுக்கத்தைத் தாங்காது. எனவே, இத்தகைய கட்டிடங்களில் வெளித்தோற்றத்தை மாற்றாமல், உள்ளே எஃகுச் சட்டங்களையோ கான்கிரீட் சுவர்களையோ சேர்த்து, தளங்களையும் கூரையையும் சுவரோடு பிணைத்து வலுவூட்டுவர். பழுதுபட்ட மரச் சாளரங்களைப் பெயர்த்தெறியாமல் செப்பனிடுவர். மின்கம்பி, குழாய், கழிப்பறை, மின்தூக்கி, நடக்க இயலாதார்க்குரிய சாய்தளம் ஆகியவற்றைப் புதிதாக அமைப்பர். வீரர் படுத்துறங்கிய நீண்ட கூடம், தடுப்புச் சுவரில்லாத இக்கால அலுவலகத்திற்குத் தானே பொருந்திவிடுகின்றது. உயர்ந்த சாளரங்கள் பகல் விளக்கின் செலவைக் குறைக்கின்றன.

இனி, நம் நெஞ்சைத் தொடும் பகுதிக்கு வருவோம். இப்பாளையத்தில் பணியாற்றியோருள் கறுப்பினப் படையினரும் இருந்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின், 1866ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுக்கெனத் தனிப் படைப்பிரிவுகள் அமைக்கப்பெற்றன. 1903இல் அதிபர் தியோடர் ரூசுவெல்ட் அந்நகருக்கு வந்தபோது, அவருக்குக் காவலாகச் சென்றோர் 9ஆம் குதிரைப் படையின் கறுப்பின வீரர்கள். அதே கோடையில் கேப்டன் சார்லஸ் யங் என்னும் கறுப்பின அதிகாரியின் தலைமையில் பிரசிடியோவிலிருந்து சென்ற வீரர்கள், செகோயா தேசியப் பூங்காவின் பெருமரக் காட்டிற்குச் சாலை அமைத்துத் தந்தனர். எனினும் அமெரிக்கப் படையில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948ஆம் ஆண்டில்தான் பிறந்தது. பாளையத்தினுள்ளேயே அமைந்த தேசிய இடுகாட்டில் அவ்வீரருள் 400க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர்.

1866ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் கருதத்தக்க கூறு ஒன்றுண்டு. கறுப்பினப் படைப்பிரிவு ஒவ்வொன்றிற்கும் ஒரு சமய குரு அமர்த்தப்பெற்று, வீரர்க்குத் தொடக்கக் கல்வி புகட்டுவதும் அவர் கடமையாக்கப்பட்டது. அவ்வாறு 24ஆம் காலாட்படைக்கு 1886இல் அமர்த்தப்பெற்ற ஆலன் ஆலன்ஸ்வர்த், 1842இல் அடிமையாகப் பிறந்தவர். எழுதப்படிக்க முயன்றமைக்காகச் சிறுவயதிலேயே தாயைப் பிரிந்து வேற்றிடம் அனுப்பப்பட்டவர். அவரே வீரர்க்குப் பாடத்திட்டம் வகுத்து, 1906இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று, 1908இல் கலிபோர்னியாவில் தம்மக்களுக்கென ஓர் ஊரையே நிறுவினார்.

இதைக் கற்கும்போது நமக்கு மவூ நினைவுக்கு வருகின்றது. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் ஒரு பட்டாளக் குடியிருப்பிலேதான். அவர்தம் தந்தையார் சுபேதார் இராம்ஜி, படைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஊர்ப் பள்ளி வாயில் அடைத்திருந்த நாளில் படைப் பள்ளி திறந்திருந்தது. பின்னர் மகர்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டபோது, அவர்கள் இழந்தது ஊதியத்தை மட்டுமன்று, பள்ளியையும்தான். சென்னைப் படையிலும் நம் முன்னோர் தொண்டாற்றினர். அவர்கள் உறங்கிய கூடங்கள் பலவற்றில் அவர்தம் பெயர் சொல்லும் பலகை ஒன்றேனும் இல்லை.

இவ்விழா ஆண்டில் நம் சங்கத்தின் பழைய மாணவர் விடுதியை இடித்துப் புதிது கட்டலாம் என்று சிலரும், செப்பனிட்டு அலுவலகமும் படிப்பகமும் ஆக்கலாம் என்று சிலரும் கூறுகின்றனர். பொறியாளரைக் கொண்டு அடித்தளத்தையும் சுவரையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும். தாங்குமெனில் காப்பதே தக்கது என்பது நம் கருத்து. தாங்காதெனில் இடிப்பதில் இழுக்கில்லை. எவ்வழி கொள்ளினும், அங்கே ஒருவேளைக் கஞ்சியுண்டு படித்த முதலாண்டு மாணவர் அனைவரின் பெயர்களையும் கல்லிற் பொறித்து வாயிலில் பதித்த பின்னரே பணி தொடங்குக. சுவரைப் பொறியாளர் காப்பார். பெயரை நாமே காத்தல் வேண்டும்.