நெய்வேலிக் கரிக்கு மதிப்பு தந்தது எது?

வைரமும் கரிமம்தான், பென்சில் முனையும் கரிமம்தான். நிலக்கரியிலும் கரிமத்தின் அளவை வைத்துத் தரம் பிரிப்பார்கள். அந்த வரிசையில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழ்ப்படிதான். கடலூர் மாவட்டத்து நெய்வேலிக் கரி அந்த வகைதான்; அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். வெட்டியெடுத்து வெளியே போட்டால் காய்ந்து, விரிசல் விட்டு, பொடியாக உதிரும். குவித்து வைத்தால் காற்றுப்பட்டுத் தானே சூடேறித் தீப்பிடிக்கும். இந்த மட்டக் கரியை நம்பி ஒரு நகரமே எழுந்ததற்குக் காரணம் அதன் தரமன்று, அது கிடைத்த இடம்.

1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பார்கள். தொடக்கம் அதுதான். ஆனால் கரியை வெட்டியெடுக்கும் நிறுவனம் உருவானது 1956இல். நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது 1957 மே 20 அன்று. கரிப்படிவம் கண்ணில் பட்டது 1961இல். படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் தோண்ட முடியும். இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம், தமிழ்நாட்டில் நல்ல கரி இல்லை. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வர வேண்டியிருந்தது. நெய்வேலிக் கரியைத் தொலைவுக்கு ஏற்றினாலோ பாதிக் கூலி தண்ணீருக்கே போகும். அதனால் சோவியத் உதவியுடன் சுரங்கத்தை ஒட்டியே அனல்மின் நிலையம் அமைந்தது. 1962இல் மின்சாரம் கம்பி வழியே வெளியூர் போயிற்று. ஒரு பகுதிக் கரியைக் கட்டிகளாக அழுத்தி, காற்றுப் புகாமல் சுட்டு, ஈரத்தையும் புகையையும் போக்கி, ‘லெக்கோ’ என்ற பெயரில் அடுப்புக்கும் விற்றார்கள்.

இந்தக் கரி நிலத்தடி நீரைக் குடித்தது, கரியமில வாயுவைப் பெருக்கியது, உழவரை இடம்பெயர்த்தது. இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சுரங்கத்தில் இறைத்த நீர் சேத்தியாத்தோப்பு அருகே வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அது ஈடாகாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை மாவட்டம் மறக்கவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்ற வாதத்தாலும் அந்தக் கணக்கு தீராது. மட்டக் கரிக்கு மதிப்பு தந்தது இந்த மண் என்றால், அதன் பலனில் முதல் பங்கும், இனி எங்கே வெட்டலாம் என்ற முடிவில் முதல் சொல்லும் இந்த மண்ணின் மக்களுக்கே உரியவை.