நிலம், தொழில் சார்ந்த சட்டப்பணி: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

நிலக் கிரையம், அடமானம், பாகப்பிரிவினை, கூட்டுத்தொழில் ஆகியவற்றில் உரிமையை ஆராய்ந்து, பத்திரம் தயாரித்து, தகராறு வந்தால் வழக்காடும் வழக்கறிஞர் பணி இது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சமவெளிக்கு ஒரு முறையும் மலைக்கு வேறொரு முறையும் தேவைப்படுகின்றன.

சமவெளியில் வழக்கறிஞர் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை பத்திரங்கள் தொடர்பு அறாமல் வருகின்றனவா என்று பார்த்து, வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுவார். பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் மூன்றும் ஒரே பரப்பைக் காட்ட வேண்டும். செக்குபந்தியில், அதாவது பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில், ‘கிழக்கே வண்டிப்பாதை’ என்றிருந்து புலப்படத்தில் அந்தப் பாதை இல்லையென்றால், நிலத்தை அளந்து பார்க்கும்வரை கிரையத்தை நிறுத்தி வைப்பதே சரி. மகள்கள் கையெழுத்திடாத பாகப்பிரிவினையும் அப்படித்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் அவர்களுக்கும் சம பங்கு உண்டு. பவர் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்கினால் நிலம் சொந்தமாகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அரிசி ஆலை போன்ற கூட்டுத்தொழில்களில் வேலை எளிது. ஆனால் நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்குக்கூட அதன் பெயரில் வழக்குப் போட முடியாது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடுக்கும்.

கல்வராயன் மலையில் தாய்ப்பத்திரம் தேடும் முறை பெரும்பாலும் பயன்படாது. 1976-இல் அரசு ஏற்கும்வரை மலை ஜாகீர்தார்களிடம் இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பெயர்களில் மூன்று ஜாகீர்கள். தலைமுறைகளாக உழுத மலையாளிப் பழங்குடியினர் பலரிடம் அனுபவம் உண்டு, ஆவணம் இல்லை. ஆகவே இங்கே முதல் கேள்வி, அந்த நிலம் பட்டா நிலமா, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்ததா, காப்புக்காடா என்பதே.

காட்டு நிலத்துக்கு வழி 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பே பயிரிட்டு வந்த பழங்குடியினர், 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மனு கிராம சபையில் தொடங்கி, கோட்டக் குழு வழியாக மாவட்டக் குழுவுக்குப் போகும். தமிழகத்தில் 2008 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அதை நீக்கியது. அந்த எட்டு ஆண்டுகளை இழந்தவர்கள் மலைவாசிகளே.

வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும். விற்கவோ கைமாற்றவோ முடியாது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், அந்த அட்டவணை தரும் பாதுகாப்பு இம்மலைக்குக் கிடையாது. எனவே அத்தகைய நிலத்துக்கு வெள்ளைத்தாளில் அக்ரிமெண்ட் எழுதித்தர மறுப்பது வழக்கறிஞரின் கடமை.

கட்டணம் தர இயலாது என்று யாரும் உரிமையை விட்டுவிட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமான வரம்பு பாராமல் பழங்குடியினர் அனைவரும் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.