மலைச்சரிவில் ஒளி: கண்டியின் ஒரு நவீன இல்லமும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

சமதரையில் வீடு கட்டுவோனுக்கு நிலம் ஒரு பிரச்சினையன்று. மலைச்சரிவில் கட்டுவோனுக்கோ நிலமே முதற் பிரச்சினையாகும். சரிவை வெட்டி மட்டமாக்கி, சமவெளிக்குரிய ஒரு வீட்டை அதன்மேற் கட்டுவது ஒரு வழி. சரிவு இறங்கும் போக்கிலேயே வீட்டையும் படிபடியாக இறக்கிக் கட்டுவது மற்றொரு வழி. முன்னையதில் வீட்டின் பின்பக்கம் வெட்டுண்ட மண்சுவரைப் பார்த்தபடி இருண்டும் ஈரம் கசிந்தும் கிடக்கும். பின்னையதில் மேல்தளம் கீழ்த்தளத்தின் கூரைக்கு மேலாகப் பள்ளத்தாக்கை நோக்கும். ஒளியும் காற்றும் எல்லாத் தளங்களுக்கும் பங்காகும். இரண்டாவது வழி செலவும் சிந்தனையும் கூடியது. ஆயினும், மலைநாட்டு வீட்டிற்கு ஒளி வந்த வரலாற்றைச் செலவையும் தொழில்நுட்பத்தையும் மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. யாருடைய வீட்டிற்கு வந்தது, யாருடைய வீட்டிற்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே அதனை நோக்குதல் வேண்டும்.

இக்கட்டுரைக்கு மையமாக அமைவது கண்டி நகரின் மலைச்சரிவொன்றில் 1951ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய ஓர் இல்லம். கருணாரத்ன இல்லம் என அறியப்படும் அதனை வடிவமைத்தவர் மினெற் டி சில்வா என்னும் பெண்மணி. அதனைப் பற்றிப் பேசுமுன், அதற்கு முந்திய மலைநாட்டு வீடுகளைச் சிறிது நோக்குவது பொருத்தமாகும்.

1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்றபின் 1681இல் வெளியிட்ட நூலில் குடிமக்களின் வீடுகள் பற்றி எழுதியுள்ளார். மரக்கொம்புகளை நட்டுக் களிமண் பூசி வைக்கோலால் வேய்ந்த தாழ்ந்த குடில்கள் அவை. ஒரு தளத்திற்கு மேல் எழுப்பவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் சாதாரண மக்களுக்கு அனுமதி இருக்கவில்லை என்பதும் அவர் தரும் செய்தியாகும். கண்டிய விவசாயிக்கு வெள்ளைச் சுவரின் அழகு தெரியாமலில்லை. அதற்கான உரிமையே அவனுக்கு இல்லை. வீட்டின் வடிவம் சமூகப் படிநிலையின் அடையாளமாகச் சட்டத்தாலேயே பேணப்பட்டது. ஓடும் சுண்ணாம்பும் மேன்மக்களின் வளவுகளுக்குரியனவாயின.

அவ்வளவுகளின் உயிர்நாடி நடுமுற்றமாகும். வெளிச்சுவர் பெரும்பாலும் மூடுண்டது; யன்னல்கள் சிறியவை. வானத்தை நோக்கித் திறந்த முற்றமே சுற்றியுள்ள அறைகளுக்கு ஒளியையும் காற்றையும் வழங்கியது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்த நம் வாசகருக்கு இது புதிதன்று. வெயில் மிகுந்த வடக்கிலும் மழை மிகுந்த மலையிலும் ஒரே தீர்வு தோன்றியமை சிந்தனைக்குரியது. வெளியாரின் பார்வையிலிருந்து குடும்ப வாழ்வை மறைத்தவாறே அதற்கு வெளிச்சம் தரவேண்டும் என்ற ஒரே தேவை இரண்டு சமூகங்களிலும் இருந்தது என்பதே எனக்குப் படும் விளக்கம்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1830களிலிருந்து கோப்பியும், 1869இல் கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டபின் படிப்படியாகத் தேயிலையும் மலைகளை மூடின. இவற்றோடு இருவகை வீடுகள் மலைநாட்டில் தோன்றின. ஒன்று துரையின் பங்களா. மற்றது தொழிலாளரின் லயன்.

பங்களா பெரும்பாலும் குன்றின் முடியில் அல்லது அதற்கு அண்மையில் நின்றது. சுற்றி விறாந்தை, முன்னே புற்றரை, பள்ளத்தாக்கை நோக்கிய அகன்ற கண்ணாடி யன்னல்கள், குளிருக்குக் கணப்படுப்பு. காட்சி அங்கு ஆடம்பரம் மாத்திரமன்று, நிர்வாகத்தின் ஒரு கருவியுமாகும். விறாந்தையில் நின்ற துரைக்கு மலையும் தெரிந்தது, மலையில் வேலை செய்வோரும் தெரிந்தனர்.

லயன் அதற்கு நேர்மாறானது. தேயிலைக்கு உதவாத துண்டு நிலங்களில், மலையை வெட்டி மட்டமாக்கிய தரையில், நீண்ட வரிசையாக அறைகள். பல இடங்களில் இரு வரிசைகள் ஒரே முதுகுச் சுவரைப் பகிர்ந்துகொண்டன. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, மேலே தகரம். ஒரு காம்பராவிற்கு ஒரு குடும்பம். சிலவேளை அதற்கும் மேல். முதுகுச் சுவர் பொதுவாக இருந்தமையால் பின்பக்கம் யன்னல் வைக்க வழியில்லை. பக்கச் சுவர்கள் அயலாருடையவை. எஞ்சியது முன்கதவு மாத்திரம். ஒளி வரும் வழியும் அடுப்புப் புகை போகும் வழியும் அதுவே. வரிசையின் தொங்கலில் உள்ள அறைக்கே சற்று வெளிச்சம் கிடைத்திருக்கும். (சொற்களும் வரலாற்றைச் சுமக்கின்றன. 'லயன்' ஆங்கிலேயர் தந்த சொல்; 'இஸ்தோப்பு' அவர்களுக்கு முன்பிருந்த ஒல்லாந்தரின் சொல். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி தான் வாழ்ந்த அறைக்குத் தன் சொல்லைக்கூட வைக்க முடியவில்லை.)

குளிரிலிருந்து காப்பதற்காகவே லயன்கள் யன்னலின்றிக் கட்டப்பட்டன என்ற நியாயத்தைச் சிலர் கூறுவதுண்டு. அதனை ஏற்க முடியாது. அதே மலையில், இன்னும் உயரத்தில், இன்னும் காற்றடிக்கும் குன்றில் நின்ற பங்களாவிற்கு யன்னல்கள் இருந்தனவே. குளிருக்கு விடை நெருப்பும் நல்ல கூரையும் ஆகும். இருள் அதற்கு விடையன்று. யன்னலின்மைக்குக் காரணம் சுவரின் செலவு. ஒரு சுவரில் இரு குடும்பங்களை அமர்த்தினால் ஒரு சுவர் மிச்சம். அவ்வளவே.

இந்தப் பின்னணியிலேதான் மினெற் டி சில்வாவின் பணியை வைத்து நோக்க வேண்டும். 1918இல் பிறந்த இவர் கண்டியைச் சேர்ந்த அரசியற் குடும்பமொன்றின் மகள். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவர். தாய் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். இலங்கையில் அக்காலத்திற் கட்டடக்கலை பயில வாய்ப்பில்லாமையால் மினெற் பம்பாய் சென்றார். 1946இல் அங்கு தோன்றிய 'மார்க்' என்னும் கலைச் சஞ்சிகையின் தொடக்கக் குழுவில் அவரும் ஒருவர். பின்னர் இலண்டனில் கல்வியைத் தொடர்ந்தார். 1947இல் இங்கிலாந்தில் கூடிய நவீன கட்டடக்கலைக்கான சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயுடன் அவர் கொண்ட நட்பு நெடுங்காலம் நீடித்தது. 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் அரச நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

நாடு திரும்பியவர் கொழும்பை நாடாது, கண்டியில் தம் பெற்றோரின் இல்லத்திலேயே தொழிலைத் தொடங்கினார். பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதியர் தமக்கொரு வீடு வேண்டுமென்றனர். கிடைத்த நிலம் செங்குத்தான சரிவு.

அவர் சரிவை வெட்டி மட்டமாக்கவில்லை. கருங்கல் தாங்குசுவர்கள் எழுப்பி வீட்டை மட்டங்களாகப் பிரித்து, மலையின் போக்கிலேயே அமைத்தார். கொங்கிறீற்றுத் தூண்களும் தளங்களும் பாரத்தைத் தாங்கியமையால் சுவர்கள் அச்சுமையிலிருந்து விடுபட்டன. இது சிறிய செய்தி போலத் தோன்றும்; ஆனால் முழு மாற்றமும் இதிலேயே அடங்கியுள்ளது. சுவரே கூரையைத் தாங்கும் வீட்டில் யன்னலைப் பெருப்பித்தால் சுவர் பலவீனப்படும். தூண் தாங்கும் வீட்டில் சுவரையே எடுத்துவிடலாம். அவ்விடத்திற் கண்ணாடியோ, மடிப்புக் கதவோ, வெறும் வெளியோ இருக்கலாம். இருப்பறை, உணவறை, படிக்கட்டு என்பன ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரே திறந்த வெளியாகி, பள்ளத்தாக்கை நோக்கி விரிந்தன.

இதோடு நின்றிருந்தால், ஐரோப்பாவில் எங்கும் காணக்கூடிய நவீன வீடொன்றின் பிரதியாகவே அது அமைந்திருக்கும். மினெற் செய்தது வேறு. பழைய வளவின் நடுமுற்றத்தை அவர் கைவிடவில்லை. திறந்த வெளியின் ஓர் உறுப்பாக அதனை மாற்றியமைத்தார். கதவுப் பலகைகளுக்குத் தும்பறைப் பாய் நெசவையும், தரைக்கும் சுவருக்கும் உள்ளூர்க் குயவர் சுட்ட உருவம் பொறித்த ஓடுகளையும், மரக் கிராதிகளுக்குக் கண்டிய அரக்கு வேலையையும் பயன்படுத்தினார். ஓவியர் ஜோர்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். கண்டியக் கைவினைஞரின் வீழ்ச்சி பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலிலே வருந்தி எழுதியிருந்தார். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அக்கைவினைஞருக்கு நூதனசாலையில் அன்றி, புதிய வீடொன்றில் வேலை கொடுத்தவர் மினெற். பழமையைப் பாராட்டுவதற்கும் அதற்குக் கூலி கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தம் முறையை அவர் 'நவீன பிரதேசக் கட்டடக்கலை' எனக் குறிப்பிட்டார். இதனை ஒத்த கருத்தை 'விமர்சனப் பிரதேசவாதம்' என்ற பெயரில் மேனாட்டு அறிஞர் முன்வைத்தது 1981இல். முப்பதாண்டு முந்திச் செயலில் காட்டியவரின் பெயர் அவ்விவாதத்திற் பேசப்படாமை வியப்புக்குரியதன்று. கண்டியில் இருந்தவர், பெண், ஆசியர்; மூன்றும் அக்காலத்திற்குப் போதியனவாயிருந்தன. நம் நாட்டிலும் 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்ற ஜெப்ரி பாவாவின் புகழ் இவரை மூடிவிட்டது. பாவாவின் மேதைமையை மறுக்க இக்கட்டுரை முனையவில்லை. வரிசை முறையை நினைவூட்டுவதே நோக்கம்.

கருணாரத்ன இல்லம் வசதி படைத்தோரின் இல்லமே என ஒருவர் வாதிடலாம். உண்மை. ஆனால் 1958இல் நிறைவெய்திய வத்தப்புளுவை வீடமைப்புத் திட்டம் அவ்வாதத்திற்கு ஒரு விடையாகும். கண்டிக்கு அண்மையில், மேடும் பள்ளமுமான நிலத்தில், அரசாங்க ஊழியருக்கென இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள். ஒரே வீட்டை இருநூறு தடவை வரைவதே வழக்கமான நடைமுறையாயிருந்திருக்கும். மினெற் முதலில் வினாக்கொத்துத் தயாரித்து, குடிவரவிருந்தோரின் வருமானம், குடும்ப அளவு, சமைக்கும் முறை, வழிபாடு, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல சமூகத்தவரும் அவருள் இருந்தனர். அவர்தம் விடைகளுக்கேற்ப வெவ்வேறு வீட்டு மாதிரிகளை வகுத்தார். மரங்களையும் நிலத்தின் இயற்கை மேடுபள்ளங்களையும் இயன்றவரை பேணினார். நூல்களிற் புகைப்படமாக வரும் வீடுகளைவிட இத்திட்டமே அவரது பெரிய சாதனை என்பது என் கருத்து. குடியிருக்கப் போகிறவரை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்டார் என்பதே அதன் சிறப்பு.

இனி, அதே ஆண்டுகளில் தோட்டங்களில் நிகழ்ந்ததை நோக்குவோம். மினெற் தகுதி பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது; மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். பிரசையல்லாதவருக்கு அரச வீடமைப்பில் இடமேது? லயன் தோட்டத்தின் சொத்து. அதில் வாழ்வது வேலையோடு பிணைந்த சலுகை. வத்தப்புளுவையில் கேட்கப்பட்ட வினாக்கள் இவர்களிடம் கேட்கப்படவில்லை. பேராதனையில் நம் வளாகம் எழுந்ததும் இதே காலத்திலாகும். 1952இல் பல்கலைக்கழகம் இங்கு இடம்பெயர்ந்தபோது ஒளியும் காற்றும் நிறைந்த மண்டபங்கள் மாணவருக்குக் கிடைத்தன. அந்தானை மலைச்சரிவில் தோட்டத்து லயன்களும் இருந்தன. நவீன கட்டடக்கலை மலையேறி வந்துவிட்டது. ஆனால் தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உரிமையாளர் மாறியபோதும் லயன் மாறவில்லை. பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. வெட்டி மட்டமாக்கிய மலை தன் கணக்கைத் தீர்த்துக்கொண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் பின்னரே ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. இந்திய உதவியுடன் இரு படுக்கையறை, இருப்பறை, சமையலறை, மலசலகூடம் கொண்ட வீடுகள் எழுந்தன. நாற்புறமும் யன்னல் வைக்கக்கூடிய வீடு என்ற வகையில் இது மாபெரும் மாற்றம். எனினும் எல்லா மலைக்கும் எல்லாக் குடும்பத்திற்கும் ஒரே வரைபடம். பெருந்தொகையானோர் இன்றும் லயன்களிலேயே வாழ்கின்றனர்.

ஆனால் அம்மக்கள் யாரும் வந்து வரைந்து தரட்டுமெனக் காத்திருக்கவில்லை. இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறையாக்கினர். தனி லயன்களின் பின்புறத்தில் குசினி இறக்கினர். சுவரை உடைத்து யன்னல் வைத்தனர். இவற்றிற்கெல்லாம் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டியோர் விசாரணைக்கு அழைக்கப்பட்டதும், கட்டியதை உடைக்கப் பணிக்கப்பட்டதும் உண்டு. யன்னல் வைக்க இயலாத முதுகுச் சுவர் லயன்களில், தகரக் கூரையின் ஒரு தகட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒளி ஊடுருவும் தகடொன்றைப் பொருத்திக்கொண்டோரும் உளர். பகல் வேளையில் அறையின் நடுவே, ஒரு பாய் அளவிற்கு, மேலிருந்து வெளிச்சம் விழும். பிள்ளைகள் பாடப்புத்தகத்தை விரிப்பது அந்த இடத்திலேதான்.